பயணக் கமரா: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பயணத்துக்கென்று கமரா வாங்குபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது மெகாபிக்சல் எத்தனை என்றுதான். எண் கூடினால் படமும் தெளியும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் அளவில் அச்சிட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்துக் கணக்கிட்டாலும் 9 மெகாபிக்சல் தேவைப்படாது. 4கே தொலைக்காட்சித் திரையை நிரப்ப 8.3 போதும். இன்று விற்கும் கமராக்கள் இதை எப்போதோ தாண்டிவிட்டன. பார்க்க வேண்டியது ஒளியை வாங்கும் சென்சரின் பரப்பை. மலிவான சூம் கமராக்களில் அது ஏறத்தாழ 6.2 × 4.6 மில்லிமீற்றர். ‘1 அங்குல’ வகையில் 13.2 × 8.8 (எந்தப் பக்கத்தை அளந்தாலும் 1 அங்குலம் வராது). ஏபிஎஸ்-சி வகையில் 23.5 × 15.6, முழுச்சட்டக வகையில் 36 × 24. முதலாவதன் பரப்பைப் போல முப்பது மடங்கு கடைசியினுடையது. பொழுது சாய்ந்த பிறகு எடுக்கும் படங்களில் இந்த வேறுபாடு பளிச்செனத் தெரியும்.

அதிகப் பணம் வீணாவது சூம் எண்ணை நம்பித்தான். பெட்டியில் உள்ள ‘50 மடங்கு’ என்பது லென்ஸின் அகன்ற முனைக்கும் நீண்ட முனைக்கும் இடையிலான விகிதம். தொலைவில் நிற்கும் பறவை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை அது சொல்வதில்லை. அதற்கு நீண்ட முனையின் குவியத்தூரம் தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்தின் மண்டைதீவுப் பக்கம் கடனீரேரியில் 300 மீற்றர் தூரத்தில் ஒரு பூநாரை நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். உயரம் 1.3 மீற்றர். முழுச்சட்டகக் கணக்கில் 200 மில்லிமீற்றருக்கு இணையான லென்ஸில் அது படத்தின் உயரத்தில் இருபத்தெட்டில் ஒரு பங்கு, வெறும் வெள்ளைப் பொட்டு. 600 இல் ஒன்பதில் ஒரு பங்கு. 2018 இல் வந்த நிக்கோன் பி1000 இன் 3000 மில்லிமீற்றரில் பாதிச் சட்டத்துக்கு மேல் நிரம்பிவிடும்.

அப்படியானால் பி1000 தானே சரி? காகிதத்தில் சரிதான். ஆனால் 1,415 கிராம் எடையுள்ள அந்தக் கமராவுக்குள் இருப்பது மேற்சொன்ன மிகச் சிறிய சென்சர். நீண்ட முனையில் லென்ஸின் திறப்பும் எஃப்8 க்கு ஒடுங்கிவிடும். அதைவிடப் பெரிய இடைஞ்சல் காற்று. வெயில் ஏறியதும் ஆழமற்ற நீரும் தரவையும் சூடாக, மேலெழும் காற்று நெளியத் தொடங்கும். 300 மீற்றர் நெளியும் காற்றுக்கு ஊடாக எடுத்த பூநாரையின் கால்கள், எந்த விலை லென்ஸிலும் வளைந்தே வரும். கருக்கலில் போய், சூரியன் எழுந்த முதல் மணித்தியாலத்தில், கரையோரமாகக் கூட்டம் கலையாத அளவுக்குக் கிட்ட நின்று எடுப்பவருக்கு 600 தாராளம். 24–600 வரை தரும் சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 இல் 1 அங்குல சென்சர். எடை 1,095 கிராம். சுண்டிக்குளம் வரை பறவைகளுக்காகவே போகிறவருக்குத்தான் இந்தக் கனம் பெறுமதி. நெடுந்தீவின் குதிரைகளுக்கு 200 போதும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏறும் பட்டங்களுக்கும் அதே கணக்குத்தான்.

‘மிரர்லெஸ் என்றால் சிறியது’ என்பது பாதி உண்மை. கண்ணாடியை நீக்கியதால் உடல் சிறுத்தது, லென்ஸ் சிறுக்கவில்லை. முழுச்சட்டக சென்சர் கொண்ட சோனி ஏ7சி 509 கிராம்தான். அதில் 200–600 லென்ஸைப் பூட்டினால் லென்ஸ் மட்டும் 2,115 கிராம். முழுச்சட்டகத்தைவிடச் சிறிய சென்சர் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கமராவில் அதே தொலைவைத் தொடும் ஒலிம்பஸ் 75–300 லென்ஸின் எடை 423 கிராம். ஒளியில் இழப்பு உண்டு. ஆனாலும் பஸ்ஸிலும் படகிலும் மாறி மாறிப் போகும் பயணத்தில் வீட்டில் விட்டுவராத கமராவே படம் எடுக்கும்.

கடற்காற்று வீசும் ஊரில் ‘வெதர் சீல்’ என்ற சொல்லுக்கு மதிப்பு அதிகம். அது தூறலையும் தூசியையும் தடுக்கும் இரப்பர் ஓரங்களைக் குறிக்கிறது. நீரில் அமிழ்த்தலாம் என்று பொருள் இல்லை. ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100வி இல் அந்தக் காப்புக்கூட, தனியே வாங்கும் வளையத்தையும் ஃபில்ரரையும் முன்னால் பூட்டிய பிறகே முழுமையாகும். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, ரிக்கோ ஜிஆர் 3 போன்ற சட்டைப்பைக் கமராக்களுக்கு அதுவும் இல்லை. வெளியே நீண்டு உள்ளே மடங்கும் அவற்றின் லென்ஸ் மணற்காட்டு மணல்மேடுகளில் நுண்மணலையும் கூடவே இழுத்துக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து வருவோர் ஓகஸ்ட் விடுமுறையில் குறிகட்டுவானில் படகேறும்போது சோளகக் காற்று அடித்துக்கொண்டிருக்கும். உப்புத் துவானம் கைப்பிடி வரை தெறிக்கும். 15 மீற்றர் ஆழம் தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 போன்றவைதான் அங்கே கவலையின்றி வெளியே இருக்கக்கூடியவை. அவற்றையும் பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தீவுகளில் பல கிணறுகள் உவர்; அந்த நீரில் கழுவினால் உப்புத்தான் மேலும் படியும்.

பெரிய திரை இருந்தால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வேண்டாம் என்பது குளிர்நாட்டுக் கடைக்குள் சரியாகத் தோன்றும். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வெண்மணலில் அந்த வெளிச்சத்தில் திரையில் தெரிவது படமெடுப்பவரின் முகமே. தவிர, கமராவின் தானியங்கி அளவீடு வெண்மணலைச் சாம்பலாக்கிவிடும். ஒளியளவை ஒரு படி கூட்டினால் வெள்ளை வெள்ளையாக வரும். ஜிஆர் 3 இல் வியூஃபைண்டர் கிடையாது, ஆர்எக்ஸ்100 மார்க் 7 இல் உண்டு. வெளியிடப் படங்களுக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்க்கலாம்.

கைபேசியே போதும் என்போரும் அது விளையாட்டுச் சாமான் என்போரும் ஒருசேரத் தவறுகிறார்கள். கோட்டைச் சுவர், நெடுந்தீவின் பெருக்குமரம் போன்ற அசையாதவற்றில் கைபேசி பல படங்களை ஒன்றிணைத்து அசத்திவிடும். நல்லூர்த் திருவிழாவின் 23 ஆம் நாள் இரவுச் சப்பறத்தில் அந்த வித்தை தடுமாறும்; மின்விளக்கொளியில் சனமும் சாமியும் அசைந்துகொண்டே இருப்பதால் முகங்கள் கலங்கும். அங்கே உதவுவது பெரிய சென்சரும் எஃப்2 திறப்பும். எஃப்5.6 ஐவிட அது எட்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். நெரிசலில் நீண்ட சூமுக்கு வேலையில்லை. 28 அல்லது 35 மில்லிமீற்றரே கைகொடுக்கும். கோயிலுக்குள் படமெடுக்கத் தடை. மேலாடை இன்றி வேட்டியோடு உள்ளே போகும் ஆண்களுக்குக் கமராவை வைக்கச் சட்டைப்பையும் இல்லை என்பதால், சிறிய கமராவுக்கு அங்கே இன்னொரு நியாயமும் உண்டு.

வாங்கிய பிறகு செய்யும் பிழை ஒன்று. கமராவை அதன் பைக்குள்ளேயே போட்டு அலுமாரியில் பூட்டினால் பத்திரம் என்று எண்ணுவது. இருட்டு, ஈரம், அசையாக் காற்று மூன்றும் பூஞ்சணத்துக்கு உகந்தவை. மாரிகாலத்தில் பையின் துணியே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் பேணுவது நல்லது. ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். அரிசிப் பானைக்குள் வைப்பதால் மாவும் தூசியும்தான் சேரும். லென்ஸுக்குள் கைவிளக்கை அடித்துப் பார்க்கும்போது சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தொடக்கத்திலேயே கொடுத்தால் துப்புரவாக்கலாம்; கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது. பாவித்த கமரா வாங்குபவர் காசைக் கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனையும் இதுவே.