பாட்டரிக் கணக்கில் எங்கே பிழை?

எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்தி, அண்ணன் கொடுத்த பழைய மடிக்கணினியில் தன் ஆய்வுத் திட்டத்தின் அளவீடுகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். திரையின் மூலையில் பாட்டரி 33 விழுக்காடு என்று காட்டியது. மறு நொடி திரை இருண்டது. ஒன்றரை மணி நேர உழைப்பு போயிற்று. "லினக்ஸ் போட்டதால்தான் இப்படி என்கிறார்கள் சார். எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டாள்.

"எடுப்பது கால் மணி நேர வேலை. குற்றவாளி அதுதானா என்று முதலில் பார்ப்போம், கொண்டு வாம்மா" என்றேன். மாணவர்களே, அன்று நாங்கள் தேடிய வழியில் நீங்களும் வாருங்கள். பத்தாம் வகுப்பு மின்னியல் போதும்.

திரையில் தெரியும் விழுக்காடு ஒரு வகுத்தல் கணக்கின் விடை. லினக்ஸில் 'சிஸ்' என்ற அடைவுக்குள் 'கிளாஸ்', அதனுள் 'பவர் சப்ளை', அதனுள் 'பாட் 0' என்று சென்றால் (சில கணினிகளில் 'பாட் 1') சிறு சிறு கோப்புகள் இருக்கும். 'எனர்ஜி நௌ' என்பது இப்போது இருக்கும் ஆற்றல். 'எனர்ஜி ஃபுல்' என்பது முழுதாக ஏற்றினால் இருக்கக்கூடிய ஆற்றல். 'எனர்ஜி ஃபுல் டிசைன்' என்பது பாட்டரி புதிதாக இருந்தபோது கொள்ளும் ஆற்றல். எல்லாம் மைக்ரோவாட்-மணியில் இருக்கும். பத்து லட்சத்தால் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் விழுக்காடு வந்துவிடும். சில பாட்டரிகள் ஆற்றலுக்குப் பதில் மின்னூட்டத்தை ஆம்பியர்-மணிக் கணக்கில் தரும், வகுத்தல் அதேதான்.

அவள் கணினியில் புதிய நிலைக் கொள்ளளவு 48.84 வாட்-மணி, இப்போதைய முழுக் கொள்ளளவு 33 வாட்-மணி என்று இருந்தது. மூலையில் தெரிந்த எண்ணும், முனையத்தில் 'யூபவர்' என்ற கருவி சொன்ன எண்ணும், கோப்பின் எண்களை நாங்கள் வகுத்துப் பெற்றதும் ஒன்றாகவே இருந்தன. ஆகவே திரைக்குறி தன்னிடம் சொல்லப்பட்டதைத்தான் ஒப்பிக்கிறது. சொன்னவர் யார்?

பாட்டரிப் பெட்டிக்குள் லித்தியம் அயனிக் கலங்களுடன் ஒரு சிறு சில்லும் இருக்கிறது. 'எவ்வளவு மிச்சம்?' என்ற கேள்விக்கு விடை சொல்வது அதுதான். (லித்தியம் அயனிக் கலம் கடைக்கு வந்ததும் 1991, லினக்ஸ் பிறந்ததும் 1991. ஒரே வயதுக்காரர்கள்!)

மின்னழுத்தத்தை அளந்து மிச்சத்தைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஒரு கலம் நிறைந்திருக்கையில் 4.2 வோல்ட், தீரும்போது ஏறத்தாழ 3 வோல்ட். ஆனால் இறக்கம் சீரானதன்று. நடுவில் பாதி ஆற்றல் செலவாகியும் சுமார் 0.3 வோல்ட்தான் குறைகிறது. மேலும், கலத்தின் அகமின்தடையால், மின்னோட்டம் கூடும்போதெல்லாம் முனைகளின் மின்னழுத்தம் சற்றுச் சரியும். ஒரு திரைப்படத்தை ஓடவிட்டாலே அளவீடு ஆடிவிடும்.

ஆகவே சில்லு வேறு வழியைப் பிடிக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத குறுகிய வாய்க் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை டம்ளர் ஊற்றினோம், எத்தனை எடுத்தோம் என்று எண்ணிவந்தால் மிச்சம் தெரியுமல்லவா? சில்லும் மின்னூட்டத்தை அப்படித்தான் எண்ணுகிறது. மின்னோட்டம் செல்லும் வழியில் மிகச் சிறிய மின்தடை ஒன்று இருக்கிறது. அது 0.01 ஓம் என்று கொண்டால், 2 ஆம்பியர் பாயும்போது அதன் குறுக்கே 0.02 வோல்ட் தோன்றும். அதிலிருந்து மின்னோட்டம், மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் மின்னூட்டம்.

இந்தக் கணக்கில் பிழை சேருவது எளிது. அளவையில் ஒரு மில்லி ஆம்பியர் பிசகினாலும் ஒரு நாளில் 24 மில்லி ஆம்பியர்-மணி பிசகும். கலத்துக்குள்ளேயே கசிந்து போகும் மின்னூட்டமோ அந்த மின்தடையைக் கடப்பதே இல்லை. எண்ணிக்கையில் அது வராது. எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, குடமே சிறுத்துப்போவது. உப்புநீரால் அடியில் படிவு கட்டிய குடம் போல, பழைய கலத்தின் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். முழுதாக ஏறி முழுதாக இறங்கும்போதுதான் சில்லு அதைச் சரியாக அளந்து திருத்திக்கொள்ள முடியும். எந்நேரமும் மின்செருகியிலேயே கிடக்கும் கணினிக்கு அந்த வாய்ப்பே இல்லை. அவளுடையது அப்படித்தான் மூன்றாண்டு கிடந்தது.

ஊகம் போதாது, சோதித்தோம். பாட்டரியை முழுதாக ஏற்றி, இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுத்து, செருகியைப் பிடுங்கினோம். திரை ஒளியை மாற்றாமல் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நிமிடத்துக்கொரு முறை திறனையும் மின்னழுத்தத்தையும் வட்டில் எழுதும் சிறு நிரலையும் ஓட்டினோம். திறன் சராசரி 12 வாட். 110 நிமிடத்தில் கணினி அணைந்தது.

ஆற்றல் = 12 × 110/60 = 22 வாட்-மணி.

சில்லோ 33 இருந்ததாக நம்பியது. 22 போக 11 மிச்சம். 11ஐ 33ஆல் வகுத்தால் 33 விழுக்காடு! அவள் பார்த்த அதே எண். கடைசியாகப் பதிவான மின்னழுத்தம் 9.1 வோல்ட், தொடராக மூன்று கலங்கள் என்பதால் கலத்துக்கு 3 வோல்ட்டே. குடம் காலி. லினக்ஸ் மீது வழக்கில்லை.

ஆனால் அவள் கோப்புகள் ஏன் போயின? யூபவர் இயல்பாக 2 விழுக்காட்டில்தான் கணினியை உறங்க வைக்கும் அல்லது ஒழுங்காக நிறுத்தும். 33இல் செத்துப்போகும் பாட்டரி 2ஐத் தொடுவதே இல்லை. காவலாளி விழித்திருந்தும் திருடன் வேறு வாசலில் போய்விட்டான். எனவே முதல் வேலையாக யூபவரின் அமைப்புக் கோப்பில் 'குறைவு', 'நெருக்கடி', 'நடவடிக்கை' எல்லைகளை 50, 45, 40 என்று உயர்த்தினோம். மூன்றும் இறங்கு வரிசையில் இருக்க வேண்டும். இல்லையேல் யூபவர் இயல்பு எண்களையே எடுத்துக்கொள்ளும்.

பிறகு முழு ஏற்றம், முழு இறக்கம், மீண்டும் முழு ஏற்றம். இறக்கும்போது மட்டும் எல்லைகளைப் பழையபடி தாழ்த்திக்கொண்டோம். இரண்டாம் சுற்றில் 'எனர்ஜி ஃபுல்' 22.6 என்று மாறியது. இதை மாதந்தோறும் செய்யாதீர்கள்; அடிவரை இறக்குவது லித்தியம் கலத்துக்கு நல்லதன்று. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போதும். சில பாட்டரிகள் இதற்கும் திருந்தா. பாட்டரி உப்பியிருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். குத்தவோ திறக்கவோ முயலாமல் கடையில் கொடுத்துவிடுங்கள். தீப்பிடிக்கும்.

இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள். "சார், இப்போது முன்னைவிட வேகமாக இறங்குகிறதே!" என்றாள். முன்பு ஒரு விழுக்காடு என்பது 0.33 வாட்-மணி, இப்போது 0.226 வாட்-மணிதான். ஓடும் நேரம் அதே 110 நிமிடம். அதை அவளே தாளில் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். புது பாட்டரிக்குக் காசு சேரும்வரை அந்த 110 நிமிடத்தை வைத்தே அறிக்கையை எழுதி முடித்தாள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு மடிக்கணினியின் சில்லு முழுக் கொள்ளளவு 30 வாட்-மணி என்று நம்புகிறது. கணினி சீராக 10 வாட் எடுத்து 2 மணி 24 நிமிடத்தில் அணைகிறது. அணையும்போது திரையில் என்ன விழுக்காடு தெரிந்திருக்கும்? திருத்திய பிறகு ஒரு விழுக்காடு எத்தனை வாட்-மணி?