சொன்னால் பயந்துவிடுவாரா?

நம்பிக்கை: "நாளைக்கு அப்பாவுக்கு பைபாஸ். எதையும் விவரமா சொல்லிடாதீங்க சிஸ்டர், பயந்துடுவார்."

உண்மை: அப்பா ஏற்கெனவே பயந்துதான் இருக்கிறார். நாம் சொல்லாமல் விட்டதை அவரே ஊகித்துக்கொள்வார். மீதியைப் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லிவிடுவார். அறுவையின்போது மயக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சிக்கல் ஐ.சி.யூ.வில் கண் விழிக்கும்போதுதான். தொண்டையில் வென்டிலேட்டர் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே இறங்கியிருப்பதால் பேச்சு வராது. அதைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கைகளைத் துணியால் கட்டியிருக்கக்கூடும். நெஞ்சிலிருந்து ரத்தக் கசிவை வடிக்கும் குழாய்கள் தொங்கும். மானிட்டர் அடிக்கடி கத்தும். எல்லாச் சத்தமும் ஆபத்துக்கு அறிகுறியல்ல. இதெல்லாம் தெரியாதவர் பேச்சே போய்விட்டதென்று மிரண்டு திமிறுவார். குழாயை எடுத்ததும் குரல் கம்மலாகவாவது திரும்பும் என்று முதல் நாளே கேட்டிருந்தால் அந்த மிரட்சி பெரிதும் குறையும்.

நம்பிக்கை: சர்ஜனே விளக்கிவிட்டார், போதும்.

உண்மை: அவர் சொல்வது அடைப்பையும் ஆபத்தையும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைப்பது, கையை ஊன்றாமல் ஒருக்களித்து எழுவது, மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை ஊதாமல் உறிஞ்சுவது (பலர் முதலில் ஊதத்தான் செய்வார்கள்) ஆகியவற்றை நர்ஸ் செய்துகாட்டி, நோயாளியையும் செய்யச் சொல்ல வேண்டும். தைத்த நெஞ்சு வலிக்கும்போது புதிதாகக் கற்பது கடினம்.

நம்பிக்கை: இதெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சு.

உண்மை: 1964-இல் வெளியான ஆய்வொன்றில், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட் குழுவினர், வயிற்று அறுவை செய்துகொண்ட 97 பேரிடம் இதைச் சோதித்தார்கள். எங்கே வலிக்கும், எப்படித் தசையைத் தளர்த்துவது என்று மயக்க மருத்துவரிடம் விளக்கம் பெற்றவர்களுக்கு வலிமருந்து ஏறக்குறைய பாதியே தேவைப்பட்டது. இதய அறுவையில் விடை இவ்வளவு நேராக இல்லை. சீனாவில் நடந்த ஓர் ஆய்வில், கையேடு தந்து நர்ஸும் நேரில் விளக்கிய நோயாளிகளின் பதற்றம் தணிந்தது. லண்டனில் பைபாஸுக்கு முன்பு ஒரு நாள் வகுப்பு நடத்தியும் பலனில்லை. வகுப்பறைப் பாடத்தைவிடக் கட்டிலருகே உட்கார்ந்து, நோயாளி கேட்பதற்குப் பதில் சொல்வதே உதவும் என்பது என் கணிப்பு. எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசை என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும். வேண்டாம் என்பவரிடம் திணிக்கக் கூடாது.

வீட்டாருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். அப்பாவின் வெளுத்து வீங்கிய முகத்தை முன்னறிவிப்பின்றிப் பார்த்து, ஐ.சி.யூ. வாசலிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிடும் மகன்கள் உண்டு.