ஒரு கைத்தொலைபேசியும் மூன்று கொப்பிகளும்

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீட்டுப்பாடம் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியது. 2021இல் மலைநாட்டுப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து பாறை ஏறினார்கள். இடம்பெயர்ந்து கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழும் நமக்கு அந்த ஏற்றம் புதிதல்ல. இருப்பதோ வீட்டுக்கு ஒரு தொலைபேசி; அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது.

ஆகவே அதைத் தபாற்காரரைப் போலக் கொள்வோம். பாடத்தைக் கொண்டுவந்து தந்தால் போதும். புத்தகங்களை இழந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கண்டி நகருக்குப் போகும் நாளில் இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு வாசிக்க டேட்டா வேண்டியதில்லை.

மாலையில் அப்பா வந்ததும் பிள்ளைகள் வினாக்களை மட்டும் பார்த்தெழுதட்டும். கணக்குச் செய்வது கொப்பியிலேயே. விடையைப் படம்பிடித்துவிட்டால், மறுநாள் சிக்னல் உள்ள இடத்திலிருந்து அப்பா அனுப்பிவிடுவார். காணொளி ரீலோட் காசை விழுங்கிவிடும். படமாகவோ குரல்பதிவாகவோ அனுப்பும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அக்காவுக்கே முதலில் தொலைபேசி. தம்பி அழுதாலும் கார்ட்டூன் பிறகுதான்.