நமக்கேற்ற நாய்

நாய் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் அதன் தோற்றத்தையே நோக்குவர். அவ்வினம் முற்காலத்தில் எப்பணிக்காக வளர்க்கப்பட்டது என்பதையே முதலில் அறிதல் வேண்டும். சைபீரியப் பனியில் சறுக்குவண்டி இழுத்த ஹஸ்கிக்கு ஈரடுக்கு உரோமம் உண்டு. 45 டிகிரியை எட்டும் தில்லிக் கோடையில் அது பெரிதும் வருந்தும். கர்நாடகத்தின் முதோல் நாய்க்கு உரோமம் குறைவு; வெயிலைத் தாங்கும். ஆயினும் வேட்டையில் முயலைத் துரத்திய இனம் அது. ஓட வெளியின்றி அடுக்ககத்தில் நாள் முழுதும் அடைபட்டால் கதவைப் பிறாண்டும், ஓயாது குரைக்கும், அண்டை வீட்டார்க்கும் உறக்கமிராது. நாட்டு நாய்க்குட்டியோ நம் தட்பவெப்பத்திற்கு இயல்பாகவே பொருந்தும். அதனையும் காலை மாலை உலவ அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

பயிற்சி: உங்கள் இல்லத்தில் அப்பொறுப்பை நாள்தோறும் ஏற்பவர் யார்? எழுதுக.