ஒலுவில் கரையின் பழைய படங்களும் அரைமணி நேரமும்



ஒளிப்படம் எடுக்கப்பட்ட இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் அப்படக் கோப்பிலேயே எழுதிவைப்பது புவிக்குறியிடல் எனப்படும். அதற்கென உள்ள திறந்தமூல நிரலொன்றை, அதற்கு வேண்டிய நூலகங்களின் பட்டியல், உரிமக் குறிப்பு, நிறுவும் விதிகள் ஆகியவற்றோடு சேர்த்து, டெபியன் போன்ற இயங்குதளத்தில் எவரும் ஒரே கட்டளையில் நிறுவத்தக்கதாகக் கட்டித்தருவதே பொதியாக்கம். நிரலை எழுதியவரின் பெயரே வெளியில் தெரிவதால் இப்பணி எடுபிடி வேலையாகக் கருதப்படுவதுண்டு. அக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை இலங்கையின் கிழக்கிலுள்ள ஒலுவில் கரையே காட்டும்.

2008இல் கட்டத் தொடங்கி 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புகள், தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகரும் மணலை மறித்தமையால், தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நிந்தவூர்ப் பக்கமாகக் கரை அரிக்கப்பட்டது, துறைமுக வாயிலும் மணலால் தூர்ந்தது. அரிப்பின் அளவைக் கணிக்க, துறைமுகத்துக்கு முந்திய கரையைக் காட்டும் படங்கள் அரிய சான்றாகும். அக்காலக் கமராக்களில் பெரும்பாலும் ஜிபிஎஸ் இல்லை. ஆகவே படமெடுத்தவர் ஜிபிஎஸ் கைக்கருவியும் கொண்டு சென்றிருந்தால், அதன் தடக்கோப்பில், அதாவது அவர் எந்நேரம் எங்கு நின்றார் என்ற பதிவில், படத்தின் நேரத்தைப் பொருத்தியே இடம் அறியப்படும். எக்ஸிஃப்டூல், ஜிபிஎஸ்கொரிலேட் ஆகிய நிரல்கள் இதைச் செய்கின்றன.

தடக்கோப்பு யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. கமராவோ உள்ளூர் நேரத்தை, நேர வலயக் குறிப்பு ஏதுமின்றி, வெறும் எண்களாக எழுதியது. இலங்கை 1996 மே மாதத்தில் மின்தட்டுப்பாட்டை முன்னிட்டுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, ஒக்டோபரில் அரைமணி பின்னிழுத்து, 2006 ஏப்ரல் வரை உலகப் பொது நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னதாகவே இருந்தது. இன்றைய ஐந்தரை மணி வேறுபாடு அதன் பிறகே மீண்டது. எனவே 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்திய மாதங்களில் இக்கரையில் எடுக்கப்பட்ட படத்துக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்கும் நிரல், மணலில் நடந்தபடி எடுத்த படத்தை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குறித்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மிக மோசம்.

பொதியாக்குபவர் நிரலைத் துருவி, ஐந்தரை என்னும் எண் எங்கேனும் நிலையாகப் பதிந்திருந்தால் அதை நீக்கி, நேர வலயங்களின் வரலாற்றைத் தாங்கிய டிஇசட்டேட்டா பொதியைச் சார்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதன் ஆசியா/கொழும்பு பதிவில் மேற்கூறிய மாற்றங்கள் யாவும் உள்ளன. உள்ளே பதிந்துவைக்காது பொதுப் பொதியைச் சார்ந்திருத்தல் என்னும் இந்நெறி எக்ஸிஃப்டூலுக்கும் பொருந்தும்: தீய நோக்குடன் ஆக்கப்பட்ட கோப்பைத் திறந்தாலே கணினியில் கட்டளைகள் ஓடக்கூடிய ஓட்டையொன்று 2021இல் அதில் அடைக்கப்பட்டபோது, பொதுப் பொதியைச் சார்ந்திருந்த நிரல்களுக்கு ஒரே இற்றைப்படுத்தல் போதுமாயிற்று, தனிப் பிரதியை உள்ளே வைத்திருந்தவை தனித்தனியே திருத்தப்பட வேண்டியிருந்தன. திருத்தங்களை மூல ஆசிரியருக்கு அனுப்பிவைப்பதும் பொதியாக்குபவரின் கடமையே, அவர் பதிலளிக்கத் தாமதித்தாலும்.

கமராக் கடிகாரத்தை 2006இல் மாற்றாது விட்டவர்களும் இருந்திருப்பர். அவர்களுக்காக நேரத் திருத்தத்தைக் கையால் கொடுக்கும் வழியை உதவிப் பக்கத்தில் தமிழில் விளக்குதல் நன்று. முதல் பதிப்பை வெளியிடுமுன், 2006 ஏப்ரலுக்கு முந்திய படம் ஒன்றையும் பிந்திய படம் ஒன்றையும் தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிடுக.