பிக்கப் வண்டியில் துருவால் இறுகிய பிறேக்குத் தட்டைக் கழற்றி மாற்றுதல்

கமக்காரர் பலர் தம் விளைபொருளைச் சொந்தப் பிக்கப் வண்டியிலேயே சந்தைக்குக் கொண்டு செல்கின்றனர். அதே வண்டி வயற் சேற்றிலும் நிற்கின்றது. யூரியாவும் மியூறியேற்றுப் பொட்டாசும் அதிலேயே ஏற்றப்படுகின்றன. பொட்டாசுப் பசளையிலுள்ள குளோரைட்டு ஈரத்துடன் சேர்ந்து இரும்பை விரைவில் அரிக்கும். கடற்காற்று வீசும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இக்கேடு உண்டு. இவ்வாறு துருவேறிய முன்சில்லின் பிறேக்குத் தட்டு, சில்லைத் தாங்கும் குடத்தோடு ஒட்டிக்கொண்டு, மாற்ற வேண்டிய வேளையில் கழல மறுக்கும்.

மாற்ற வேண்டிய வேளை எது? தட்டின் விளிம்பிலோ, தொப்பி போன்ற அதன் நடுப்பகுதியிலோ, ஆகக் குறைந்த தடிப்பு மில்லிமீற்றரிற் பொறிக்கப்பட்டிருக்கும். தட்டு அதனினும் மெலிந்தாலோ, வெடிப்புக் கண்டாலோ மாற்றியே ஆகவேண்டும். மெலிந்த தட்டு அளவுக்கு மீறிச் சூடேறும். சமதரையில் இக்குறை தெரிவதில்லை. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து கோவா மூடைகளுடன் இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போதே தெரியவரும். அப்பொழுது பிறேக்கு எண்ணெய் கொதித்தால், மிதி தரைவரை அமிழ்ந்துவிடும், வண்டியோ நில்லாது.

வண்டியைச் சமமான, இறுகிய தரையில் நிறுத்திப் பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க. சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது இளக்கி, பின்னர் ஜக்கினால் உயர்த்தி, சட்டத்தின் கீழ் இரும்புத் தாங்கி கொடுத்தல் வேண்டும். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் தாங்கியாகா. அவை திடீரென நொறுங்கும்.

சில்லைக் கழற்றியபின், தட்டைப் பற்றும் கவ்வியைப் பின்புறத்து இரு பெரிய போல்ட்டுகளை நீக்கி எடுத்து, கம்பியால் மேலே கட்டித் தொங்கவிடுக. இறப்பர்க் குழாயிலே தொங்கவிட்டால் குழாயின் உட்புறம் பழுதுறும். வெளியே பார்ப்பவருக்கு அது தெரியாது. பிறேக்குத் தூசியை ஊதுதல் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க.

இனித் தட்டின் அமைப்பை நோக்குக. பழைய ஹைலக்ஸ் போன்ற சில வண்டிகளில் தட்டு குடத்தின் பின்புறத்தில் போல்ட்டுகளாற் பூட்டப்பட்டிருக்கும். அதனை எடுக்கக் குடத்தையே போறிங்குகளுடன் கழற்ற வேண்டும். அவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுதல் நன்று. பிற்கால வண்டிகள் பலவற்றில் தட்டு குடத்தின்மேல் வெறுமனே செருகப்பட்டிருக்கும். சிறு திருகாணிகள் அதனைப் பிடித்திருப்பின் முதலில் அவற்றை நீக்குக. அதன்பின்னும் வராதாயின், பிடித்திருப்பது துருவேயாம்.

இவ்விடத்திற் பலர் பெருஞ்சுத்தியலை எடுத்துத் தட்டின் விளிம்பில் ஓங்கி அறைகின்றனர். அவ்வடி போறிங்கிற் சென்று தாக்கும். அதற்கு மாறாக, துரு இளக்கும் எண்ணெயைக் குடத்தின் நடு வளையத்தைச் சுற்றியும், சில்லுப் போல்ட்டுகளின் அடியிலும் விட்டு, அரைமணி நேரமாவது காத்திருக்க. கடும் துருவாயின் மாலையில் விட்டுக் காலையில் வருதல் இன்னும் நன்று. ஓரிரவு காத்திருப்பதால் ஒரு சந்தை தவறலாம். போறிங்கு மாற்றுவதோ அதனினும் செலவு. தட்டின் முகத்தில் மரையிட்ட இரு துளைகள் இருக்குமாயின், அவை இத்தேவைக்கென்றே இடப்பட்டவை. அவற்றுக்குப் பொருந்தும் போல்ட்டுகளை, பெரும்பாலும் 8 மில்லிமீற்றர் போல்ட்டுகளை, இரண்டிலும் செலுத்தி, ஒன்றைக் காற்சுற்று, மற்றதைக் காற்சுற்று என மாறி மாறி இறுக்குக. ஒன்றை மட்டும் இறுக்கினால் தட்டு சரிந்து மேலும் சிக்கும். இறுக்கம் மிகும்போது, சில்லுப் போல்ட்டுகளுக்கு இடையே தொப்பிப் பகுதியில், தட்டைத் திருப்பித் திருப்பி அளவாகத் தட்டுக. ‘டக்’ என்ற ஒலியுடன் துரு உடையும். தீச்சுவாலையால் வாட்டுதல் வேண்டாம்; அருகே கிறீசும் இறப்பரும் உள.

தட்டு கழன்றதும் வேலை முடிந்ததென எண்ணற்க. குடத்தின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் உலோகம் மின்னும்வரை தேய்த்து நீக்குக. அங்கே எஞ்சும் சிறு துருச்செதிளும் புதிய தட்டைக் கோணலாக ஓடச்செய்து, மிதியில் அதிர்வு தரும். பின்னர் இறுகாமற் காக்கும் கிறீசை நடு வளையத்தில் மிக மெல்லியதாகப் பூசுக. சில்லுப் போல்ட்டின் மரையிலும், தட்டின் உராய்வு முகத்திலும் அது படலாகாது.

புதிய தட்டிற் பூசியுள்ள காப்பெண்ணெயைப் பிறேக்குத் துப்புரவுத் திரவத்தாற் கழுவுக. மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். இருபுறத் தட்டுகளையும் பட்டைகளையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். ஒருபுறம் மட்டும் மாற்றினால் பிறேக்குப் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கக்கூடும். கவ்வியின் பிஸ்டன்களை மெதுவாக உள்ளே தள்ளும்போது எண்ணெய்க் கலம் வழியாதபடி பார்க்க. கவ்வியின் போல்ட்டுகளையும் சில்லு நட்டுகளையும் வண்டியின் கைந்நூலிற் கூறிய அளவுக்கு இறுக்குக. நட்டுகளை எதிரெதிராக இறுக்குதல் வேண்டும்.

வண்டியை அசைக்குமுன் மிதியைப் பலமுறை அழுத்தி, அது உறுதியாக நிற்கின்றதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. பின்னர்ச் சனநடமாட்டம் இல்லாத வீதியில், சுமையின்றி, மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து அளவாகப் பத்துமுறை வேகந் தணித்து, இடையிடையே ஆறவிடுக. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடியபின் சில்லு நட்டுகளை மீண்டும் சோதித்து, அதன்பின்னரே மூடைகளை ஏற்றுக.