மேளக்காரர் கைகளைப் பாருங்கள்

சுவாமி புறப்படும் வேளையில் அன்பர்களின் கண்கள் பல்லக்கின் மீதிருக்கும்; அதுவே முறை. ஆயினும் சுவாமிக்கு முன்னே செல்லும் மேளக்காரர்களின் கைகளையும் சற்றுக் கவனித்தால், கேட்கும் இன்பம் இரு மடங்காகும். செந்தூல், ஈப்போ சாலை தண்டாயுதபாணி ஆலயமானாலும் வேறெந்த ஆலயமானாலும், அங்கே எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதைச் சிறிது விளக்குவோம்.

நாதஸ்வரத்தில் விரல்கள் ஆளும் துளைகள் 7 மட்டுமே. கீழ்ப்பகுதியிலுள்ள 5 துளைகள் மெழுகு அடைத்துச் சுருதி சேர்ப்பதற்கானவை. பிறகு தோடியின் நெளிவுகள் எங்கிருந்து வருகின்றன? துளையைப் பாதி மூடுவதிலிருந்தும், நாணலால் ஆன சீவாளியை உதடு அழுத்துவதிலிருந்தும், மூச்சைக் கூட்டிக் குறைப்பதிலிருந்தும். வீணைக்கு மெட்டு உண்டு, நாயனத்துக்கு இல்லை. வாசிப்பவரின் காதுதான் கணக்கு. தோடிக்கென்றே பேர்பெற்ற திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956), குட்டையான திமிரியை விட்டு, நீண்டதும் சுருதி தாழ்ந்ததுமான பாரி நாயனத்தை நிலைநாட்டினார். இன்று நாம் கேட்பது பெரும்பாலும் அந்த நாதமே.

தவிலில் இரண்டு கைக்கும் இரண்டு வேலை. வலக்கை விரல்களில், துணியைச் சுற்றி மாப்பசையிட்டுக் காயவைத்த கூடுகள், இடக்கையில் குச்சி. எத்தனை வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே கேட்க வேண்டும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) போற்றப்பட்டது வேகத்துக்காக மட்டுமன்று, அந்தத் தெளிவுக்காகவும்தான்.

புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி கம்பீரநாட்டை ராகத்தில் அமைந்தது. பாடல் வரிகள் இல்லை. அதைத் திரிகாலம் செய்யும்போது ஜால்ராக்காரரின் கையைப் பாருங்கள். அது நிதானம் மாறாது. அதன் மேல் நாயனம் முதலில் மெல்ல நடக்கும், பிறகு இரட்டிக்கும், பிறகு நான்கு மடங்காகும். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தால் எத்தனை கடினம் என்பது உடனே தெரியும்!

இப்போது பல ஆலயங்களில் தீபாராதனைக்கு மின்சார முரசு ஒலிக்கிறது. பிசகாமல் அடிக்கும், ஆனால் பல்லக்கு நின்றால் நிற்கவும், நகர்ந்தால் நகரவும் அதற்குத் தெரியாது. மேளச் செலவைக் குறைக்க எண்ணும் உபயகாரர்கள் இதை யோசிக்கலாம்.

கடைசியாகத் தவிலின் தீர்மானம். ஒரே சொற்கட்டு மூன்று முறை வரும்; மூன்றாவதின் கடைசி அடி, குறித்த இடத்தில் போய் விழும். அது விழும் கணத்தில் சரியாகத் தலையசைப்பவர் கூட்டத்தில் ஒருவர் இருந்தாலும், தவில்காரர் அவரைக் கண்டுகொள்வார். அடுத்த சுற்று அவருக்காகவே வாசிப்பதுபோல் இருக்கும்.